கடற்கரையில் எடுத்த மாப்பிள்ளைப் படம்

பிள்ளைகளா,

போன வாரம் பரணில் இருந்து இறக்கிய ஆல்பத்தைப் புரட்டி நீங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அடுத்தவன் காரில் சாய்ந்துகொண்டு, அடுத்தவன் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்தவன் கூலிங் கிளாஸில் உங்கள் அப்பா நிற்கிற படம். "அந்தப் பிக்னிக் கதையைச் சொல்லுங்கப்பா" என்றீர்கள். நானும் சொன்னேன். கடல், ஆட்டுக்கறி, ஓடுகிற வேனுக்குள் ஆடிய ஆட்டம். நீங்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதைதான். அதில் ஒரு ஆளை நான் எப்போதும் விட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். அவனைச் சேர்த்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் வளைகுடா நாட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவன், அங்கே போய்க் கம்பி கட்டுகிறவன் ஆனேன். பாலைவனத்தின் ஓரத்தில் தகர ஷெட் வரிசை, அதற்குப் பெயர் கேம்ப். ஒரு அறைக்கு எட்டுப் பேர். எங்கள் அறையில் எட்டுப் பேரும் நம் பக்கத்து ஆட்கள். ஏஜெண்ட் ஒரே ஆள் என்பதால் அப்படி அமைந்தது. ராஜபாளையம் நான்கு பேர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்று பேர், கம்பெனி வேன் ஓட்டுகிற டிரைவர் மட்டும் வ. புதுப்பட்டி. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர்க்காரர் என்று அவரைக் கேலி செய்வோம். அவருக்கும் கேலி பேச வரும். எங்கள் எல்லாரையும் விட நன்றாகவே வரும்.

நான் கதையில் விட்டுவிடுகிற ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். 'அவன்' என்று எழுதுகிறேன். முப்பது வயது தாண்டிய ஆளை அப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அந்த அறையில் எல்லாரும் அண்ணாச்சி, அவன் மட்டும் அவன். கொத்தனார் கையாள் என்று கூட்டிக்கொண்டு வந்து கேம்ப் பாய் ஆக்கிவிட்டார்கள். அறுபது பேர் போகிற கக்கூஸைக் கழுவ வேண்டும், குளியலறையைக் கழுவ வேண்டும், மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஊரில் அவன் அம்மாவுக்கு, மகன் கேம்ப் ஆபீஸில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் என்ற சொல்லை முதலில் யார் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் மறுத்து எழுதவில்லை.

எதைச் சொன்னாலும் நம்புவான். அதுதான் எங்களுக்கு அவனிடம் பிடித்தது. இந்த நாட்டில் பால் லாரி வந்தால் நின்று சல்யூட் வைக்க வேண்டும், அது சட்டம் என்று டிரைவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். நான்கு நாள் சல்யூட் வைத்தான். ஐந்தாம் நாள் லாரிக்காரனே இறங்கி வந்து என்னவென்று கேட்டான். உண்மை தெரிந்ததும் கோபப்படவில்லை, எங்களோடு சேர்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரிக்கிறவரைக்கும் நாங்கள் செய்வது தப்பு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஊரில் இருந்து வருகிற கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரு நாள் வந்த கடிதத்தில் ராஜபாளையத்தில் பெண் பார்த்திருப்பதாக அவன் அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது. பெண்ணுக்கு அப்பா இல்லை, தாய்மாமன் பொறுப்பு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த பழைய படத்தைக் காட்டியதற்கு, போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டி வைக்கிற படம் மாதிரி இருக்கிறது, இப்போது எடுத்த நல்ல படம் ஒன்று வரட்டும், பெண் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று தாய்மாமன் சொல்லிவிட்டாராம். 'இந்த இடமும் போனால் உனக்கு இனி அமையாது சாமி' என்று கடிதம் முடிந்திருந்தது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

அறையில் ராஜபாளையத்துத் தெலுங்குக்காரர் ஒருவர் இருந்தார். அந்த மாதம் அவருக்குத்தான் லீவு. லீவுக்குப் போகிற ஆளிடம் எல்லாரும் வீட்டுக்குக் கவர் கொடுத்து விடுவோம், அவர் வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். தபாலை விட அதுதான் எங்களுக்கு நம்பிக்கை. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, ஒனக்குப் பொண்ணு எங்க ஊருலயா? எங்க ஊர்க்காரவிய சும்மா குடுத்துர மாட்டாக. படத்தப் பாத்து, பல்ல எண்ணித்தான் சரிம்பாக."

"எண்ணட்டும் அண்ணாச்சி. பல்லு எல்லாம் இருக்கு."

அன்றிலிருந்து அவர் அவனை 'பெள்ளிக்கொடுகு' என்று கூப்பிட ஆரம்பித்தார். தெலுங்கில் மாப்பிள்ளை. கக்கூஸ் பக்கம் போகிறவன் எல்லாம், "பெள்ளிக்கொடுகு, தண்ணி ஊத்தலையா" என்று கத்துவான். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

லீவுக்காரர் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. ஸ்டுடியோ இருக்கிற டவுன் தூரம். அவனுக்கு வெள்ளிக்கிழமையும் லீவு கிடையாது, அன்றைக்குத்தான் எல்லாரும் கேம்பில் இருப்பார்கள், கழுவுகிற வேலை அதிகம். ஆனால் எங்கள் அறை ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. என்னிடம் புதுக் கேமரா இருந்தது. அவன் கேம்பை மேய்க்கிற அதிகாரியான கேம்ப் பாஸின் காலில் விழாத குறையாகக் கேட்டு, பக்கத்து வரிசை ஷெட்டுகளையும் சேர்த்து ஒரு வாரம் கழுவி, அந்த ஒரு நாளை வாங்கினான். கை விரல் இடுக்கெல்லாம் ஆசிட் பட்டு வெந்து போயிருந்தது.

"ஒரே ஒரு படம் அண்ணாச்சி. நல்லா நிக்க வச்சு எடுத்துருங்க" என்றான் என்னிடம்.

"ஒண்ணென்ன, பத்து எடுப்போம்" என்றேன். அப்போது நான் அதை மனதாரத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம். அரிசி, கறி, அடுப்புக்கரி, சோறு பொங்குகிற பெரிய தேக்சா, டேப் ரெக்கார்டர். வேனுக்குள் ஒருத்தன் தேக்சா மூடியைத் தட்ட, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே ஆடினோம். ஒரு வருடமாகக் கம்பியும் மணலும் தவிர எதையும் பார்க்காத ஆட்கள். சந்தோஷம் உண்மையானதுதான், அதில் பொய் இல்லை. கடற்கரைக்குப் போனதும் வழக்கமான வேலை ஆரம்பமானது. அந்த நாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து காரை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நாங்கள் காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வோம். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும், யாரும் யாருடைய கார் என்று கேட்க மாட்டார்கள். லீவுக்காரர் ஊரில் போய் இறங்கும்போது போட வேண்டும் என்று புதுக் கோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை அன்றைக்குக் கொண்டு வந்திருந்தார். அந்தக் கோட்டையும் ஒரு கூலிங் கிளாஸையும் மாற்றி மாற்றிப் போட்டு ஏழு பேரும் எடுத்துக்கொண்டோம்.

அவன் முறை வரவில்லை. வெங்காயம் அரிந்தான், கறி கழுவினான், அடுப்பு ஊதினான். "சாப்பாடு முடியட்டும், ஒனக்கு ராஜா மாதிரி ஒண்ணு" என்று ஆளுக்கு ஒரு தடவை சொன்னோம். சாப்பாடு முடிந்தது. "தேக்சாவ மட்டும் தேச்சு வச்சிரு, பொறவு ஒனக்குத்தான்" என்றார் டிரைவர். அவன் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டை பனியனோடு குத்தவைத்து, மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். முகமெல்லாம் கரி.

"இத ஒண்ணு எடுங்க அண்ணாச்சி" என்றார் டிரைவர் என்னிடம்.

நான் கேமராவைத் தூக்கினேன். அவன் நிமிர்ந்து வாயைத் திறந்தான்.

"இப்பவா அண்ணாச்சி? செத்த இருங்க, கையக் கழுவிட்டு வாரேன்."

அந்த வாய் திறந்த நேரத்தில் அமுக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, வகிடு எடுத்து வருவதற்குள் மற்றவர்கள் இன்னும் இரண்டு மூன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதற்கு மேல் ஃபிலிமைத் தள்ளுகிற லீவர் நகரவில்லை. எண் முப்பத்தாறில் நின்றது. டிரைவர் காதில், "ரோல் முடிஞ்சு போச்சு" என்றேன்.

வேறு ரோல் இல்லை. கடை இல்லை. அந்த இடத்தில் அவனிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவன் முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான். லீவுக்காரர் கிளம்புவதற்குள் டவுனுக்குப் போக ஏதாவது வழி தேடியிருப்பான்.

டிரைவர் கண்ணைச் சிமிட்டினார். "அவங்கிட்டச் சொல்லாதீய."

நான் வேனுக்குப் பின்னால் போய் ஃபிலிமைச் சுருட்டி வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கேமராவை மூடினேன். லீவரைத் தள்ளி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சத்தம்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை பிள்ளைகளா. டிரைவர் சொன்னது 'சொல்லாதே' என்பது மட்டும்தான். மற்றது எல்லாம் நானே செய்தது.

லீவுக்காரர் வேன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கோட்டை அவனுக்கு மாட்டினோம். தொளதொளவென்று இருந்தது. முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்புகளால் இழுத்துப் பிடித்தோம். முதலில் ஒரு வெள்ளைக் காரின் பக்கம் நிறுத்தினேன். கிளிக். பிறகு மணலில் கால் நீட்டி உட்கார வைத்தேன். கிளிக். கன்னத்தில் கை வை என்றான் ஒருத்தன். மாமியாருக்கு ஒரு கும்பிடு போடு என்றான் இன்னொருத்தன். ஒவ்வொன்றையும் அவன் ரொம்பக் கவனமாகச் செய்தான். வாயைத் திறந்தால் படம் கெட்டுவிடும் என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அண்ணாச்சி, எத்தன ஆச்சு?"

"நாலு."

"போதும் அண்ணாச்சி. ரோலு தீந்துரும். ஒங்களுக்கு வேணும்ல."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். "எல்லாம் இருக்கு, நீ நில்லு" என்றேன்.

டிரைவர் முன்னால் வந்தார். "ஏலே, சும்மா நின்னா மூஞ்சி களை இல்லாம வருது. பொண்ணு எதுக்க நிக்குன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசு. பேசும்போது எடுத்தாத்தான் படம் நல்லா விழும்."

"என்ன பேச அண்ணாச்சி?"

"மனசுல உள்ளதப் பேசு."

அவன் கேமராவைப் பார்த்தான். நான் அதற்குள் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன், அதனால் நேரே என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் ஆபீஸ்ல எல்லாம் இல்ல. கக்கூஸுதான் கழுவுதேன். அம்மாகிட்டச் சொல்லல. ஒங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. வேல முடிஞ்சா கைய சோப்புப் போட்டு நல்லாத்தான் கழுவுவேன்."

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தன் மணலில் உருண்டான். நான் கிளிக் செய்தேன். நானும் சிரித்தேன், கேமரா ஆடும் அளவுக்குச் சிரித்தேன். தன் கல்யாண சந்தோஷத்தில்தான் நாங்கள் இப்படிச் சிரிக்கிறோம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். கப்பல் கேப்டன் மாதிரி ஒன்று எடுக்க வேண்டும் என்று தண்ணீருக்குள் இறக்கினோம். முழங்கால், இடுப்பு, இன்னும் பின்னால் போ, இன்னும். ஒரு அலை அடித்து ஆளைக் கவிழ்த்தது. எழுந்து நின்று, தலைமுடியை ஒதுக்கி, மறுபடியும் உதட்டை மூடிக்கொண்டு நின்றான். நான் கிளிக் செய்தேன். பன்னிரண்டு தடவை அமுக்கியிருப்பேன்.

சத்தத்தில் லீவுக்காரர் எழுந்து வந்தார். கோட்டு கடலுக்குள் நிற்பதைப் பார்த்தார். தண்ணீருக்குள் இறங்கிப் போய், அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

"எவன் கோட்டு இது? கக்கூஸ் கழுவுற நாய்க்குக் கோட்டு கேக்குதோ?"

இறக்கியது நாங்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டைப் பிழிந்து மடித்து, "தொவச்சுத் தேச்சுக் குடுத்துருதேன் அண்ணாச்சி" என்றான். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது. திரும்பி வரும்போது தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாட்டு ஓடியது, நாங்கள் மறுபடியும் ஆடினோம்.

கேம்பில் இறங்கும்போது என் பக்கத்தில் வந்து சொன்னான். "பன்னெண்டுல ஒண்ணாவது நல்லா வந்துருக்கும்ல அண்ணாச்சி?"

"வந்துருக்கும்" என்றேன்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போன டிரைவர் படங்களைக் கழுவிக் கொண்டு வந்தார். முப்பத்தாறு படத்தில் அவன் இருந்தது ஒன்றே ஒன்று. தேக்சாவுக்கு முன்னால் குத்தவைத்து, கரி முகத்தோடு, வாயைத் திறந்துகொண்டு. லீவுக்காரர் மறுநாள் கிளம்புகிறார். அவன் வேலைக்கு நடுவே இரண்டு தடவை வந்து அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"இத உள்ள வச்சு ஒட்டிக் குடுத்துருவோம்" என்றார் டிரைவர். "அவிய அம்மா பாத்துட்டுச் சிரிச்சுக்கிடும். அது என்ன பொண்ணு வீட்டுக்கா கொண்டு போயிரப் போகுது?"

எனக்கும் அதுதான் கணக்கு. மடவார் வளாகத்தில் அவன் அம்மா கவரைப் பிரிப்பாள், மகன் கோலத்தைப் பார்த்துச் சத்தம் போடுவாள், இங்கே கடிதம் வரும், அதைப் படித்து இன்னொரு தடவை சிரிக்கலாம். படத்தைக் கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அவனிடம் கொடுத்தேன்.

"எனக்குக் காட்டலையே அண்ணாச்சி?"

"நல்லா வந்துருக்கு. பிரிச்சா வெளிச்சம் பட்டு அழிஞ்சுரும். நேரா வீட்டுலதான் பிரிக்கணும்."

நம்பினான். கவரைக் கண்ணில் ஒற்றி லீவுக்காரரிடம் கொடுத்தான். தேய்த்து மடித்த கோட்டையும் கொடுத்தான்.

லீவுக்காரர் ஊர் போனதும் எல்லாக் கவரையும் வீடு வீடாகக் கொடுத்தார். அந்தத் தடவை ராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போக வேண்டியது அவன் கவர் ஒன்றுதான். பெண் வீடோ ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. படம் எப்படியும் அங்கேதானே போக வேண்டும் என்று நேரே பெண் வீட்டிலேயே கொடுத்துவிட்டார். பஸ் ஏறச் சோம்பலா, கோட்டு நனைந்த கோபம் போகவில்லையா, எனக்குத் தெரியாது. லீவு முடிந்து வந்த பிறகு கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான்னு குடுத்தேன்" என்றார். தாய்மாமன், பெண், பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் கவரைப் பிரித்திருக்கிறார்கள்.

ஐந்தாறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என்னிடம் நீட்டினான். நான் படித்தேன். 'பானை தேய்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் என்று பொய் சொல்லி ஏமாற்றப் பார்த்தாயே என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டார்கள். நீ ஏன் சாமி இப்படி ஒரு படத்தை அனுப்பினாய்.'

"என்ன படம் அண்ணாச்சி?" என்றான். "நான் கோட்டுப் போட்டுல்ல நின்னேன்."

"ஸ்டுடியோவுல மாத்திப் போட்டுருப்பான்" என்றேன்.

கட்டிலில் கிடந்த டிரைவருக்கு அது தாங்கவில்லை. பிள்ளைகளா, இரக்கப்பட்டு இல்லை, சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, கேமராவுல ரோலே இல்ல. பன்னெண்டு தடவையும் ஒன்னச் சும்மா நிக்க வச்சோம்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "கவர ஒட்டுனது நீங்கதான அண்ணாச்சி?"

"ஒட்டுனேன். உள்ள எது இருந்துச்சுன்னு பாக்கல."

அவன் கடிதத்தை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். மறுநாள் காலையில் எப்போதும் போல எல்லாருக்கும் டீ கொண்டு வந்தான். மற்றவர்களுக்கு, "அண்ணாச்சி, டீ." எனக்கு, "சார், டீ." நான் அங்கே இருந்த வரைக்கும் எனக்கு அதுதான். கடிதங்களை அதன் பிறகு என்னிடம் கொடுக்கவில்லை. வெளியே தண்ணீர்த் தொட்டியின் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்து அவனே படித்துக்கொள்வான். ஒரு கடிதம் படிக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆகும். நான் கடந்து போனால் மடித்துவிடுவான்.

அடுத்த வருடம் எனக்கு லீவு வந்தது. உங்களில் பெரியவளுக்கு அப்போது மூன்று வயது, சின்னவனுக்கு ஒன்றரை. நான் வந்திருப்பது தெரிந்து, மகனோடு இருந்தவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மடவார் வளாகத்தில் இருந்து அவன் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஒரு மதியம் போனேன்.

ஒற்றை அறை வீடு. காபி போட்டுக் கொடுத்தாள். கூன் விழுந்த, மெலிந்த பொம்பளை, ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"வாங்க தம்பி. எம் மவன் எப்படி இருக்கான்? ஒரே ரூமுல இருக்கீயளாமே. நீங்கதான் காயிதம் எல்லாம் படிச்சுக் காட்டுவீயன்னு முன்ன எழுதுவான். இப்ப ஒண்ணும் எழுத மாட்டக்கான்."

"நல்லா இருக்கான்மா."

அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் படத்தை எடுத்தாள். பெண் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: 'எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் இருக்கிறது.'

"எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிச்சுச் சொல்லுச்சு" என்றாள். "அதுக்குப் பொறவு ஒரு எடமும் வரல தம்பி. ராஜபாளையத்துல பேசுனது சங்கரன்கோவில் வரைக்கும் போயிருச்சு. எங்க போனாலும், அந்தப் பானை தேய்க்கிற பையனாங்காக. யாரு இந்தப் படத்த எடுத்ததுன்னு அவங்கிட்டக் கேட்டு எழுதுனேன். தெரியலன்னுட்டான். நீங்களும் அங்கதான இருந்தீய? ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு தடவை சும்மா நிற்க வைத்தார்கள் என்று தாயிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவன் சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"எவன் எடுத்தானோ, அவன் பிள்ளைக ஒரு வாய் சோத்துக்கு அடுத்தவன் வாசல்ல குத்தவச்சு பானை தேய்க்கட்டும். ஊரு கூடி நின்னு சிரிக்கட்டும். அத அவன் கண்ணால பாக்கட்டும்."

கையில் இருந்த காபியைக் குடித்து முடித்தேன். உங்கள் இரண்டு பேரின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி, அவள் காலைப் பிடித்து, விட்ட சாபத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்று கெஞ்சியிருக்கலாம். செய்யவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"செத்த இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் தெருமுனைக் கடைக்குப் போய் வந்தாள். வரும்போது கையில் அரைக் கிலோ பால்கோவாப் பொட்டலம் இருந்தது, இன்னும் சூடாக இருந்தது. "ஒங்களுக்கு ரெண்டு பிள்ளைகளாமே. எம் மவனுக்குத் துணையா இருக்கீய. பிள்ளைகளுக்குக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் கிளம்ப நின்றது. நான் ஏறவில்லை. கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால் யாரும் இல்லாத ஒரு சுவர் ஓரம் போய் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். வேறு யாருக்காவது கொடுக்கவோ, கீழே போடவோ எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் வாயில் அது ஒரு துளி படக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. கையால் அள்ளி அள்ளி, அரைக் கிலோவையும் நின்ற இடத்திலேயே தின்றேன். பாதியில் குமட்டியது, நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் தின்றேன். இலையில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டேன். பிறகு குழாயடியில் போய், விரல் இடுக்கு வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவினேன்.